கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

மருமகனுக்கு மாமா எழுதுவது.

அடுத்த மாதம் நீ வந்து இறங்குவதற்குள் இந்தக் கோப்பு உன் கைக்குக் கிடைத்துவிடும். உன் அம்மா தன் வீட்டிலேயே இருக்கலாமா, உன்னோடு கிளம்ப வேண்டுமா என்று நீ முடிவு செய்யப்போகிறாய். நேரில் கேட்டால் நான் தடுமாறுவேன். ஆகவே எங்கள் கடிதங்களைத் தேதி வரிசையில் இணைத்திருக்கிறேன். கார்பன் தாள் வைத்து எழுதுவது என் வழக்கமாதலால் என் கடிதங்களின் நகல்களும் உள்ளன. இவற்றிலிருந்து தெரியவருபவை:

1. பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் கால அட்டவணை எழுதிய நான், அறுபத்தெட்டு வயதுவரை எந்த வண்டியையும் தனியாக ஓட்டியதில்லை.

2. உன் அம்மா ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே பேருந்தை நிறுத்தலாம் என்று குறிப்பு எழுதியவன் நான்தான்.

3. மூன்று முறை பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டேன். இது உன் அம்மாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

4. நான்காம் முறை நடந்தது பத்தாம் கடிதத்தில், நடந்தபடியே உள்ளது.

கடிதம் 1. மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். முழங்கால் தவிர மற்றதெல்லாம் இங்கே நலம். உன் காதுக் கருவி எப்படி இருக்கிறது? போனில் என் குரல் தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் கேட்கிறது என்றாய். இனி எழுதிவிடுகிறேன்.

செய்தி என்னவென்றால், கண் மருத்துவர் உன் தம்பி மனைவியை இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். இடக்கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டதாம். இருபத்திரண்டு ஆண்டுகள் பரிசோதனைக்கூடத்துக்காக ரத்தக் குப்பிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டியவள். மருத்துவமனை வாசலில் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"இனிமே நீங்கதான்."

"நான் பஸ்ல போயிக்கிறேனே."

"நீங்க போற இடத்துக்கெல்லாம் பஸ் இருக்கு. அண்ணி வீட்டுக்கு?"

உன் ஊருக்குப் போகும் தடத்தில் நாளொன்றுக்குச் சராசரி பதினோரு பயணிகள்தான், நிறுத்தலாம் என்று எழுதியதுதான் ஓய்வு பெறுமுன் என் கடைசிக் குறிப்பு. அதன்படியே நிறுத்தியும்விட்டார்கள். அந்தப் பதினொருவரில் நீயும் ஒருத்தி என்று எழுதும்போது தோன்றவில்லை. உன்னிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உரிமம் என்னிடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பணிமனையில் எல்லோரும் எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தேன். புதுப்பிக்கத் தவறியதில்லை. ஓட்டத்தான் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

கடிதம் 2. மார்ச் 19

அன்புள்ள நிமிஷத்துக்கு,

(பணிமனையில் உனக்கு வைத்த பெயரை நான் விடுவதாக இல்லை.) நான் சௌக்கியம். அவள் கண்ணைப் பற்றிப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. கணினி முன்னால் உட்கார விடாதே.

பேருந்து விஷயம் எனக்கு அப்போதே தெரியும். நடத்துனர் சொன்னார். வருஷம் எட்டாகிறது, எப்போது வாயைத் திறக்கிறாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் செய்தி. மகன் அக்டோபரில் வருகிறான், என்னை அழைத்துப் போக. நர்ஸ் வேலையில் நாற்பது வருஷம் எத்தனை பேரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைத்தேன்! இன்றைக்கும் மத்தியானமானால் ஆஸ்பத்திரி உடற்பயிற்சி அறைக்குப் போய் "எழுந்திரிங்க, நடங்க" என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே அவன் வீடு பதினான்காம் மாடி. ஜன்னல் திறக்காது. நான் யாரை எழுப்புவது?

சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில் இறங்கி வந்தான். "மாமா மாசம் ஒரு தடவையாவது வந்து உன்னைப் பாத்துட்டுப் போவாரா? அப்படின்னா இரு. இல்லன்னா கிளம்பு" என்றான். வருவார் என்று சொல்லிவிட்டேன்.

எனவே தம்பி, ஓட்டு. பயந்தாலும் ஓட்டு. என் நோயாளிகள் யாரும் பயம் போன பிறகு நடந்ததில்லை.

இப்படிக்கு, உன் ஒரே அக்கா

கடிதம் 3. ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை விவரமாக எழுது. "சௌக்கியம்" என்று ஒரே சொல்லில் முடித்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

உன் கடிதம் வந்த அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை உன் தம்பி மனைவி தட்டை எடுத்துவிட்டுச் சாவியை வைத்தாள்.

முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அவள் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் மிதிக்கிறாள். ஒரு வாரத்தில் அங்கே கிடந்த கால்மிதி தேய்ந்துவிட்டது. அவள் "ஐயோ" என்றால் நிறுத்துவேன், "ம்" என்றால் கிளப்புவேன். பத்தாம் நாள் பாதி வழியில் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் நீங்க ஓட்டல. நான்தான் வாயால ஓட்டிட்டு இருக்கேன். எனக்குத் தலையும் சுத்துது. நான் நடந்து வரேன், நீங்க போங்க."

ஓரப் பார்வை போனதிலிருந்து பக்கத்து இருக்கையில் அவளுக்கு மயக்கம் வருகிறது. ஆக, நான் தனி.

எனக்குச் சாலைகள் தெரியாது, அக்கா. தடங்கள் தெரியும். தடம் 17 பணிமனையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இருபத்தாறு நிமிடம், பன்னிரண்டு நிறுத்தம். அதனால் 17-ஐப் பின்தொடர்ந்தேன். அது போனால் போனேன், நின்றால் நின்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரியாக அதன் பின்னால் நின்றேன். ஏழாம் நிறுத்தத்தில் ஒரு அம்மா பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துங்க."

"அம்மா, இது பஸ் இல்லைங்க."

"அது தெரியுதே. முன்னால போறது ஒரே கூட்டம். நீங்களும் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் நின்னுதானே வரீங்க?"

இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "நல்லா மெதுவா ஓட்டுறீங்க. நாளைக்கும் இதே நேரந்தானா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்பது பதினேழு" என்றேன். மறுநாள் போனேன். நின்றுகொண்டிருந்தார்.

மருந்துகளை வேளை தவறாமல் சாப்பிடு.

தம்பி

கடிதம் 4. ஏப்ரல் 25

அன்புள்ள நிமிஷத்துக்கு,

நலம், நலம், நலம். மூன்று சொல் போதுமா?

உன் கடிதத்தை உடற்பயிற்சி அறையில் சத்தமாகப் படித்தேன். இடுப்பு எலும்பு உடைந்த ஒரு பெரியவர் சிரித்து, வலிக்கிறது என்று என்னைத் திட்டினார். அந்த அம்மாவை விட்டுவிடாதே. உன் முதல் பயணி.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை வா. மத்தியானம் உனக்குச் சாப்பாடு என் வீட்டில். ஆஸ்பத்திரியில் விடுப்புச் சொல்லிவிட்டேன்.

உன் வருகையை எதிர்பார்க்கும் அக்கா

கடிதம் 5. மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இன்று வர முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள். காலையில் பேட்டரி இறங்கிவிட்டது. வண்டி வீட்டைவிட்டே நகரவில்லை. சாப்பாடு வீணாகியிருக்குமே என்று வருத்தமாக இருக்கிறது. அடுத்த மாதம் கட்டாயம்.

தம்பி

(கோப்புக் குறிப்பு: மருமகனே, இது பொய். பேட்டரிக்கு ஒன்றுமில்லை. உன் அம்மா ஊர்ப் பக்கம் பாதி தூரம் போகும் 31-ஆம் தடத்தைப் பின்தொடர்ந்து அதன் கடைசி நிறுத்தம்வரை போனேன். வீட்டிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர். அதற்கு அப்பால் ஐந்து சாலைகள் கூடும் ஒரு ரவுண்டானா. பேருந்து அங்கே வளைந்து திரும்பிவிட்டது. என் அட்டவணையில் அதற்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கும், அவ்வளவுதான். இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து சாலையும் ஒரே மாதிரி இருந்தன. மேற்படிக் கடிதத்தை அங்கேயே, வண்டியின் முன்பலகையில் வைத்து எழுதினேன். எதிரில் சிறிய தபால் நிலையம் ஒன்று இருந்ததால் அதிலேயே சேர்த்தேன். அந்த மட்டில் போனது வீணாகவில்லை. வீட்டில், ஊருக்குள்ளேயே சுற்றினேன் என்று சொன்னேன்.)

கடிதம் 6. மே 22

அன்புள்ள நிமிஷத்துக்கு,

நலம். பேட்டரிக்கு உடம்பு சரியில்லை என்று அறிந்தேன். சாப்பாடு வீணாகவில்லை. இரண்டு ஆள் சாப்பாட்டை நானே சந்தோஷமாகச் சாப்பிட்டேன். ஏன் சந்தோஷம் என்று கேட்காதே.

அடுத்த மாதமும் இரண்டாம் சனிக்கிழமைதான். வண்டி நகர்ந்தால் வா. நகராவிட்டாலும் கடிதம் எழுது.

அக்கா

கடிதம் 7. ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இன்றும் முடியவில்லை. டயர் பஞ்சர். உன் மகன் வாங்கி அனுப்பிய போனில் வழி சொல்லும் பெண்குரலைப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். நான் தவறாகத் திரும்பினால் அந்தக் குரல் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசுவதில்லை. அந்த மௌனத்தில் எங்கள் பணிமனை மேலாளரின் முகம் தெரிகிறது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அணைத்து வைத்துவிட்டேன்.

தம்பி

(கோப்புக் குறிப்பு: பஞ்சர் இல்லை. அதே ரவுண்டானா. இம்முறை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஐந்து சாலைகளையும் கடந்து, வந்த சாலையிலேயே வெளியே வந்தேன். கடிதத்தை முன்போலவே எதிரில் சேர்த்தேன். அஞ்சல் ஊழியர் என்னை அடையாளம் கண்டு, "வாங்க" என்றார்.)

கடிதம் 8. ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இன்று கடும் மழை. உன் பதில் ஒரு மாதமாக வரவில்லை. கோபமா, உடம்பு சரியில்லையா? கோபம் என்றால் பரவாயில்லை. ஒரு வரி எழுது.

தம்பி

(கோப்புக் குறிப்பு: மழை உண்மை. ஆனால் மழையில் நாற்பத்தொரு கிலோமீட்டர் போனேன், கண்ணாடி துடைப்பானை நானே போடத் தெரிந்துகொண்டேன். ரவுண்டானாவில் மூன்று சுற்று. பிறகு திரும்பிவிட்டேன். அதன்பின் ஆறு வாரம் உன் அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். ஒன்பது பதினேழு அம்மாவிடம்கூடச் சொன்னேன். "அக்காதானே? கோவிச்சுக்கிட்டா திட்டி நாலு பக்கம் வருமே. வரலன்னா என்னமோ வேலையா இருக்காங்க" என்றார்.)

கடிதம் 9. ஆகஸ்ட் 28

அன்புள்ள நிமிஷத்துக்கு,

கோபமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வேலையாக இருந்தேன். என்ன வேலை என்பது இத்துடன் இருக்கிறது. நோயாளிகளை ஏற்றிவர ஆஸ்பத்திரி வேன் புதன்கிழமைதோறும் உன் ஊர்ப் பக்கம் போகிறது. முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். ஒரு தடவை எழுதியது அடுத்த தடவைக்கு ஒத்துவரவில்லை. ஐந்து புதன்கிழமை ஆயிற்று. முப்பத்தொரு வருஷம் எப்படித்தான் இந்த வேலையைப் பார்த்தாயோ! ஓட்டுநர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன, டிக்கெட் பரிசோதகரா?" என்கிறார்.

கடைசி நிறுத்தம்: 0 நிமிடம்
ரவுண்டானா, நின்றுபோன கடிகாரம் உள்ள கோபுரத்தின் பக்கத்துச் சாலை: 4
நீலக் கதவுச் சலவைக் கடை: 12
ஆற்றுப் பாலம்: 21
மூன்று புகைபோக்கி: 30
பள்ளி மைதானம், வேலி உடைந்த இடம்: 41
என் வீடு, வாசலில் மஞ்சள் குடை தொங்கும்: 50

உன் வேகம் தெரிந்து ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் கூட்டியிருக்கிறேன். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை குடை தொங்கும். பையன் வருவதற்கு முன் அதுதான் கடைசி.

அக்கா

(கோப்புக் குறிப்பு: நான் எழுதிய அட்டவணையை ஆயிரம் பேர் பார்த்துப் போயிருக்கிறார்கள். எனக்கென்று ஒருவர் எழுதியது இதுவே முதல். கடைசி நிறுத்தத்திலிருந்து ஏன் தொடங்கினாள் என்று ஒருகணம் தோன்றியது. பேருந்து அங்கேதானே முடிகிறது, அதனால் என்று விட்டுவிட்டேன்.)

கடிதம் 10. செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். நேற்று, "ஏண்டா ரெண்டு மணி நேரம் லேட்டு?" என்று கேட்டாய். நான், "வழியில கொஞ்சம் வேலை" என்றேன். நீ காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டே சிரித்தாய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு ஐந்துக்குக் கிளம்பினேன். உன் அட்டவணையை முன்பலகையில் ஒட்டியிருந்தேன். ரவுண்டானாவுக்குள் நுழைந்து, கோபுரத்தைக் கண்டு, அதன் பக்கத்துச் சாலையில் திரும்பினேன். அவ்வளவுதான், அக்கா. உன் அட்டவணையில் பார்த்ததிலிருந்து பயந்துகொண்டிருந்த இடம் மூன்று விநாடியில் பின்னால் போய்விட்டது. நீலக் கதவு சரியாகப் பன்னிரண்டாம் நிமிடம். எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதே, கொஞ்சம் பாடவும் செய்தேன்.

இருபத்தோராம் நிமிடம் பாலம் வந்தது. பாலத்தின் குறுக்கே கயிறு கட்டி, "வேலை நடக்கிறது" என்று பலகை வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதான் தோண்டினார்களாம்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பலகையை நான்கு முறை படித்தேன். திரும்பி வீட்டுக்குப் போக எனக்கு வழி தெரியும். முன்னால் போகத்தான் தெரியாது. அப்போது மஞ்சள் குடை நினைவுக்கு வந்தது. அது அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். நீ அதை எடுக்கமாட்டாய்.

பஞ்சர் ஒட்டும் கடை ஒன்று இருந்தது. இறங்கிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் டயரைத் தண்ணீரில் அமுக்கியபடி, "எங்க போகணும்?" என்றார்.

"அக்கா வீட்டுக்கு."

"எந்த அக்கா?"

எனக்கு இருப்பது ஒரே அக்கா என்பதால் திகைத்துப்போனேன். ஊர் பெயரைச் சொன்னேன். கீழ்ப்பாலம் வழியாகப் போகச் சொன்னார். கீழ்ப்பாலத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி, "யாரு இந்தப் பக்கம் அனுப்பினது? அந்தப் பஞ்சர் கடைக்காரரா? அவரு இந்தப் பக்கம் வந்தே பத்து வருஷம் ஆகுது" என்று திட்டிவிட்டு, நேராகப் போகச் சொன்னார். நேராகப் போனேன். சாலை ஒரு கோழிப்பண்ணையில் போய் முடிந்தது. கோழிகள் என்னைப் பார்த்தன.

அப்போதுதான் விளங்கியது: நான் தொலைந்துபோய்விட்டேன். வாழ்நாள் முழுக்க இதற்குத்தான் பயந்திருந்தேன். தொலைந்துபோனால் நெஞ்சு அடைக்கும், கண் இருட்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பசித்தது. அவ்வளவுதான். வண்டியில் இருந்த பிஸ்கட்டில் நான்கு சாப்பிட்டுவிட்டு, உன் அட்டவணையை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். தூரத்தில், மரங்களுக்கு மேல், மூன்று புகைபோக்கி.

அதற்குப் பிறகு எந்தச் சாலையில் போனேன் என்று எனக்குத் தெரியாது. புகைபோக்கி வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் திரும்பினேன். இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் திரும்பினேன். ஒருமுறை ஹாரன்கூட அடித்தேன், ஒரு மாட்டுக்கு. பிறகு உடைந்த வேலி வந்தது. பிறகு குடை.

நீ வாசற்படியில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினாய். எனக்கு வெட்கமே வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.

அடுத்த மாதமும் வருகிறேன். சாப்பாடு ஒரு மணிக்கு வேண்டாம், இரண்டுக்கு வை.

தம்பி

(கோப்புக் குறிப்பு: இத்துடன் கோப்பு முடிகிறது. முடிவு உன்னுடையது.)

கடிதம் 11. செப்டம்பர் 23

(முகப்புக் குறிப்புகளை மையில் எழுதி, கோப்பைக் கட்டிய பின் வந்தது. சேர்த்திருக்கிறேன்.)

அன்புள்ள நிமிஷத்துக்கு,

நான் சௌக்கியம். உன் கோழிப்பண்ணையை உடற்பயிற்சி அறையில் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இடுப்பு எலும்புக்காரர் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்.

நீ வந்துவிட்டுப் போன அன்றைக்கே மகனுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் போட்டான்: "சரிம்மா, திரும்பிப் போக எனக்கு மட்டும் டிக்கெட் போடுறேன்." அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு குடையை மடித்து உள்ளே வைத்தேன்.

இனி ஒரு விஷயம். பேட்டரி இறங்கி, வண்டி வீட்டைவிட்டே நகரவில்லை என்று மே மாதம் எழுதினாயே, அந்த உறையை எடுத்துப் பார். உறை உன்னிடம்தானே இருக்கிறது என்கிறாயா? சரி, நானே சொல்கிறேன். தபால் முத்திரையில் கடைசி நிறுத்தத்து ஊர். பஞ்சரானபோதும் அதே முத்திரை. மழையிலும் அதே முத்திரை, கொஞ்சம் நனைந்து. முதல் உறையைப் பார்த்த அன்றுதான் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். வீட்டு வாசலைத் தாண்டுவானா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த தம்பி, தன்னந்தனியாகப் பாதி தூரம் வந்திருக்கிறான்! சொன்னால் வெட்கப்பட்டு அதையும் நிறுத்திவிடுவாய். அதனால் சொல்லவில்லை. பாதியை நீ பார்த்துக்கொண்டாய், மீதிக்கு நான் வேனில் ஏறினேன்.

இரண்டு மணிக்குச் சாப்பாடு.

அக்கா

திருத்தம்

மருமகனுக்கு,

அட்டவணையில் பிழை கண்டால் அழிக்கக்கூடாது, கீழே திருத்தம் ஒட்ட வேண்டும் என்பது பணிமனை விதி. அதன்படி இது.

பதினொன்றாம் கடிதத்தை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எனக்கும் தெரியும். ஊருக்குள்ள சுத்தினவருக்கு மீட்டர்ல எப்படி எண்பத்திரண்டு கிலோமீட்டர் ஏறும்? நல்ல கண்ணு ஒண்ணு இருக்குல்ல எனக்கு" என்றாள்.

விமான நிலையத்திலிருந்து நீ வாடகை வண்டி எடுக்க வேண்டாம். உன்னை அழைக்க நான் வருகிறேன். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை, வழி தெரியாது. கொஞ்சம் தாமதமானால் அங்கேயே இரு.

முகப்பில் ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய குறிப்புகள் சரியானவை. மூன்றாவது குறிப்பு தவறு. அதில் "உன் அம்மாவுக்குத் தெரியாது" என்று உள்ளதை, "முதல் நாளிலிருந்தே தெரியும்" என்று திருத்திப் படிக்கவும்.